கறுப்பினப் பெண்களும் அமெரிக்க நாடக மேடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்க நாடக மேடையில் கறுப்பினப் பெண்கள் செய்ததைப் பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் தவறாமல் வருகின்றன. நாடகம் பார்க்கிற, படிக்கிற நண்பர்கள் கேட்டதையெல்லாம் அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் மேலிருந்து வரிசையாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் பல, முன்னால் சொன்னதை நம்பி நிற்கின்றன.

எல்லாரும் பிராட்வே, பிராட்வேன்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன?

நியூயார்க்கின் மன்ஹாட்டனில், டைம்ஸ் சதுக்கத்தை ஒட்டியும் சுற்றியும் இருக்கிற 41 பெரிய அரங்குகளைத்தான் பிராட்வே என்கிறார்கள். குறைந்தது 500 இருக்கை இருக்க வேண்டும் என்பது கணக்கு. அதைவிடச் சிறியவை ஆஃப்-பிராட்வே. 100 இருக்கைகூட இல்லாதவை ஆஃப்-ஆஃப்-பிராட்வே.

பிராட்வேயில் நாடகம் போடப் பெரும் பணம் வேண்டும். பணம் போடுகிறவர் "இதைப் பார்க்க யார் வருவார்கள்?" என்று கேட்பார். கீழே வரும் பல கதைகள் அந்தக் கேள்வியில்தான் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

நிறைய பேர் சொன்னா குழம்பிடும். ஒரே ஒரு பேர் சொல்லுங்க, அங்கேருந்து தொடங்கறேன்.

லொரெய்ன் ஹான்ஸ்பெரி. 1930-ல் சிகாகோவில் பிறந்தவர். அவர் எழுதிய 'எ ரெய்சின் இன் த சன்' 1959 மார்ச் 11 அன்று பிராட்வேயில் எதெல் பாரிமோர் அரங்கில் அரங்கேறியது. ஒரு கறுப்பினப் பெண் எழுதிய நாடகம் பிராட்வேக்கு வந்தது அதுவே முதல் தடவை. அப்போது அவருக்கு 28 வயது. அந்த வருடத்தின் சிறந்த நாடகம் என்று நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் விருதும் கிடைத்தது. 530 காட்சிகள் ஓடியது.

அவ்வளவு சுலபமாக வந்து சேரவில்லை. தயாரிப்பாளர் ஃபிலிப் ரோஸ் அதற்கு முன் நாடகமே தயாரித்ததில்லை. பணம் திரட்டவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பணம் வந்த பிறகும் பிராட்வேயில் அரங்கு தரத் தயங்கினார்கள். நியூ ஹேவன், ஃபிலடெல்ஃபியா, சிகாகோ என்று வெளியூர்களில் போட்டு, கூட்டம் வருகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் கதவு திறந்தது.

அந்த நாடகத்துல அப்படி என்ன இருக்கு?

ஒரு சின்ன வாடகை வீடு, அதில் யங்கர் குடும்பத்தின் மூன்று தலைமுறை. கழிப்பறை வெளி நடையில் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அதுதான். பையன் ட்ராவிஸ் கூடத்து சோபாவில் தூங்குகிறான். தாத்தா இறந்ததால் 10,000 டாலர் காப்பீட்டுப் பணம் வரப்போகிறது. மகன் வால்டர் லீ மதுக்கடை வைக்க வேண்டும் என்கிறான். மகள் பெனீத்தா மருத்துவராகும் ஆசையோடு கல்லூரியில் படிக்கிறாள். அம்மா லீனாவுக்கு ஒரு வீடு வேண்டும். அவர் முன்பணம் கட்டுகிற வீடு வெள்ளையர் தெருவில் இருக்கிறது. நீங்கள் வராமல் இருந்தால் பணம் தருகிறோம் என்று அந்தத் தெருவிலிருந்து ஒருவர் பணிவாகப் பேசிக்கொண்டு வருகிறார்.

முதல் காட்சியிலேயே ஓர் இடம் உண்டு. பள்ளிக்கூடத்துக்கு 50 சென்ட் வேண்டும் என்கிறான் ட்ராவிஸ். இல்லை என்கிறாள் அம்மா ரூத். வால்டர் அவளைப் பார்த்துக்கொண்டே பையில் கைவிட்டு 50 சென்ட் கொடுக்கிறான், அதோடு விடாமல் இன்னொரு 50 சென்ட்டும் கொடுக்கிறான். பையன் பூரித்துப் போகிறான். அப்புறம் வெளியே கிளம்பிய வால்டர் திரும்பி வந்து, வேலைக்குப் போக வண்டிக் கூலிக்குக் காசு வேண்டும் என்று மனைவியிடமே நிற்கிறான். வறுமை, கணவனின் வீறாப்பு, மனைவியின் களைப்பு எல்லாம் அந்தச் சில்லறையிலேயே வந்துவிடுகிறது. யாரும் வசனத்தில் விளக்கவில்லை. ஹான்ஸ்பெரியின் கைத்திறன் என்று நான் சொல்வது இதைத்தான்.

இது அவங்க சொந்தக் கதையா?

பாதி. ஹான்ஸ்பெரி ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் இல்லை. அப்பா கார்ல் ஹான்ஸ்பெரி வீட்டுமனைத் தொழில் செய்து வசதியாக இருந்தவர். அந்த வசதியும் தோலின் நிறத்துக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை. 1937-ல் அவர் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கிக் குடிபோனார். கும்பல் கூடியது. ஜன்னல் வழியாக எறியப்பட்ட கல் சிறுமி லொரெய்ன் மேல் படாமல் தப்பியது. அப்பா வழக்குக்காக அலைய, அம்மா நானி இரவெல்லாம் கையில் துப்பாக்கியோடு வீட்டைச் சுற்றிக் காவல் இருந்தார்.

கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு வைத்திருந்த காலம் அது. ஹான்ஸ்பெரி எதிர் லீ என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1940-ல் அப்பாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. ஆனால் அது வழக்கு நடைமுறைக் காரணத்தை வைத்து வந்த தீர்ப்பு. அப்படிப்பட்ட ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று முடிவாக 1948 ஆனது. அதைப் பார்க்க அப்பா உயிரோடு இல்லை, 1946-லேயே இறந்துவிட்டார்.

அப்போ நாடகம் எழுதின முதல் கறுப்பினப் பெண் இவங்கதானே?

இல்லை. பிராட்வேக்கு வந்த முதல் ஆள், அவ்வளவுதான். இந்த 'முதல்' பட்டம் கதவு எப்போது திறந்தது என்பதைச் சொல்லும். எழுதுகிறவர்கள் எப்போது வந்தார்கள் என்பதைச் சொல்லாது. அவர்கள் எண்பது வருடம் முன்பே வந்துவிட்டார்கள்.

பாலின் ஹாப்கின்ஸ் 1879 வாக்கிலேயே, அடிமைத்தளையிலிருந்து தப்பிப் போகிறவர்களைப் பற்றி ஓர் இசை நாடகம் எழுதினார். ஹையர்ஸ் சகோதரிகள், அன்னா மடாவும் எம்மா லூயிஸும், அந்த நாடகத்திலும் அதுபோன்ற வேறு இசை நாடகங்களிலும் நடித்து ஊர் ஊராகப் போனார்கள். 1916-ல் ஆஞ்சலினா வெல்ட் க்ரிம்கே எழுதிய 'ரேச்சல்' வாஷிங்டனில் அரங்கேறியது. கறுப்பின மனிதர்களைக் கும்பல் கூடிக் கொன்று மரத்தில் தொங்கவிட்ட கொடுமைக்கு எதிரான நாடகம் அது. குழந்தைகள் என்றால் உயிரை விடுகிற ஒரு பெண், இந்த நாட்டில் பிள்ளை பெற மாட்டேன் என்று முடிவெடுக்கிறாள்.

ஜார்ஜியா டக்ளஸ் ஜான்சனைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாஷிங்டன் எஸ் தெருவில் இருந்த அவர் வீட்டில்தான் அந்தக் காலத்துக் கறுப்பின எழுத்தாளர்கள் பலர் கூடிப் பேசினார்கள். அவரும் கும்பல் கொலைகளைப் பற்றி ஓரங்க நாடகங்கள் எழுதினார். கொலை மேடையில் நடக்காது. அடுப்பங்கரையில், சாப்பாட்டு மேஜையில், பேரனைத் தேடிப் போலீஸ் வந்து நிற்கிறபோது பாட்டி முகத்தில் நடக்கும். அவற்றை 1930-களில் அரசாங்கத்தின் ஃபெடரல் தியேட்டர் திட்டத்துக்கு அனுப்பினார். அவர்கள் எதையும் மேடையேற்றவில்லை.

ஆலிஸ் சில்ட்ரெஸ்னு ஒருத்தர்தான் உண்மையிலேயே முதல் ஆளா இருந்திருக்கணும்னு படிச்சேன். நிஜமா?

நிஜம்தான். இந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பதில் சொல்வேன்.

சில்ட்ரெஸ் தென் கரோலினாவில் பிறந்து, நியூயார்க்கின் கறுப்பினப் பகுதியான ஹார்லெமில் வளர்ந்தவர். 1940-ல் தொடங்கிய அமெரிக்கன் நீக்ரோ தியேட்டரில் நடிகையாகத் தொழில் கற்றவர். 1955-ல் அவர் எழுதிய 'ட்ரபிள் இன் மைண்ட்' ஆஃப்-பிராட்வேயில், கிரீனிச் மியூஸ் அரங்கில் வந்தது. கதை நடப்பதே ஒரு நாடக ஒத்திகையில். விலெட்டா மேயர் நடுவயதுக் கறுப்பின நடிகை. வாழ்நாள் முழுக்க வேலைக்காரி வேடம்தான். இப்போது வெள்ளையர் ஒருவர் எழுதிய, கும்பல் கொலையை 'எதிர்க்கிற' ஒரு நாடகத்தில் அம்மா வேடம். அந்த அம்மா தன் மகனைக் கொலைகாரர்கள் கையில் தானே ஒப்படைக்க வேண்டும். எந்தத் தாய் அப்படிச் செய்வாள் என்று விலெட்டா ஒத்திகையில் கேட்டுவிடுகிறாள்.

தொடக்கத்தில் அவளே ஒரு புதுப் பையனுக்குப் பாடம் நடத்துகிறாள்: இயக்குநர் எதைச் சொன்னாலும் சிரி. அனுபவம் உண்டா என்று கேட்டால், 'போர்கி அண்ட் பெஸ்' இசை நாடகம் கடைசியாகப் போட்டபோது நானும் இருந்தேன் என்று சொல்லு. பையனுக்கு அப்போது வயது என்ன இருந்திருக்கும் என்று யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள் என்பது அவள் அனுபவம். அரங்கில் சிரிப்பு எழும். பிழைக்கத் தெரிந்த அதே பெண் கடைசியில் இயக்குநரை நேருக்கு நேர் நிறுத்திக் கேட்கிறபோது, அந்தச் சிரிப்பெல்லாம் எதற்காக என்று நமக்கு உறைக்கும்.

நாடகத்தை பிராட்வேக்குக் கொண்டுபோகத் தயாரிப்பாளர்கள் முன்வந்தார்கள், மாற்றங்கள் கேட்டார்கள். தலைப்பு வேறு வேண்டும், முடிவு வெள்ளைப் பார்வையாளர் மனம் நோகாதபடி இருக்க வேண்டும். சில்ட்ரெஸ் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். ஒரு கட்டத்துக்கு மேல் முடியாது என்று சொல்லிவிட்டார், பிராட்வே வாய்ப்பு போனது. ஹான்ஸ்பெரி வருவதற்கு இரண்டு வருடம் முன்னால் நடந்தது இது. 'ட்ரபிள் இன் மைண்ட்' பிராட்வேயில் ஏறியது 2021 நவம்பரில், லஷான்ஸ் விலெட்டாவாக நடிக்க. சில்ட்ரெஸ் 1994-லேயே காலமாகிவிட்டார்.

கொஞ்சம் மாத்திக் கொடுத்திருக்கலாமே? பேரும் புகழும் கிடைச்சிருக்குமே?

நாடகத்தின் கதையே அதுதானே. பொய்யான ஒரு முடிவை நடிக்க மாட்டேன் என்று சொல்கிற நடிகையைப் பற்றி எழுதிவிட்டு, எழுதியவர் பொய்யான முடிவுக்குக் கையெழுத்துப் போட்டால் நாடகத்தில் என்ன மிஞ்சும்? ஆஃப்-பிராட்வேயில் போட்டபோதே வற்புறுத்தலுக்காக எல்லாரும் சமாதானம் ஆகிற ஒரு முடிவை எழுதிக் கொடுத்தார். பிறகு அதற்காக வருந்தி, நூலாக வந்தபோது தான் நினைத்த முடிவையே வைத்தார். நமக்குக் கையில் கிடைப்பது அந்த நாடகம். அவர் அன்று சம்மதித்திருந்தால் 2021-ல் எடுத்துப் போட இந்த நாடகமே இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

எழுதினவங்க இருக்கட்டும். நடிகைகளைப் பத்திச் சொல்லுங்க.

ஐடா ஓவர்டன் வாக்கரிலிருந்து தொடங்கலாம். 1900-களின் தொடக்கத்தில் பாட்டிலும் ஆட்டத்திலும் அவர் பெரிய நட்சத்திரம். கணவர் ஜார்ஜ் வாக்கர் 1909-ல் நோயில் விழுந்தபோது, ஆண் உடை போட்டுக்கொண்டு கணவரின் பாட்டைத் தானே மேடையில் பாடி ஆடினார். பிறகு ரோஸ் மெக்ளென்டன். ஹார்லெமில் ஃபெடரல் தியேட்டரின் கறுப்பினப் பிரிவை ஜான் ஹவுஸ்மனோடு சேர்ந்து நடத்தியவர். 1936-ல் ஆர்சன் வெல்ஸ் இயக்கிய புகழ்பெற்ற 'மேக்பெத்' அந்தப் பிரிவின் படைப்பு. மெக்ளென்டன் அப்போது நோயுற்றிருந்தார், அதே வருடம் இறந்தார். 1939-ல் எதெல் வாட்டர்ஸ் 'மாம்பாஸ் டாட்டர்ஸ்' நாடகத்தில் பிராட்வேயின் கதாநாயகியாக நின்றார். அதுவரை அவரைப் பாடகி என்றுதான் ஊர் அறியும்.

விருதுக் கணக்கு கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பிராட்வே நாடகங்களுக்கு வருடாவருடம் தரும் டோனி விருதை வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞரே ஒரு பெண்தான், வானிட்டா ஹால், 1950. இசை நாடகத்தின் சிறந்த நடிகையாக 1962-ல் டயான் கரோல். வசன நாடகத்தின் சிறந்த நடிகையாக ஒரு கறுப்பினப் பெண் விருது வாங்க 2004 வரை ஆனது. ஃபிலிஷியா ரஷாத், அதே 'எ ரெய்சின் இன் த சன்' நாடகத்தில் அம்மா லீனாவாக நடித்ததற்கு. அன்றிரவே ரூத்தாக நடித்த ஆட்ரா மெக்டொனால்டும் விருது வாங்கினார். நடிப்புக்கு ஆறு டோனி, நடிப்பின் நான்கு பிரிவிலும் விருது என்று இரண்டையும் சாதித்தவர் ஆட்ரா ஒருவர்தான்.

'ஃபார் கலர்ட் கேர்ள்ஸ்' பத்திக் கேள்விப்பட்டேன். அது நாடகமா, கவிதையா, நடனமா?

மூன்றும். எழுதிய எண்டோசாகே ஷாங்கே அதைக் கோரியோபோயம் என்றார், ஆடப்படும் கவிதை. ஏழு பெண்கள், அவர்களுக்குப் பெயர் கிடையாது. பழுப்பு, மஞ்சள், சிவப்பு, பச்சை, ஊதா, நீலம், ஆரஞ்சு என்று உடுத்திய நிறம்தான் அடையாளம். தொடர்ச்சியான கதை என்று ஒன்றும் இல்லை. ஒருத்தி சொல்வாள், மற்றவர்கள் கேட்பார்கள், ஆடுவார்கள், தொட்டுத் தேற்றுவார்கள்.

1974-ல் கலிஃபோர்னியாவில் பெர்க்லி பக்கத்தில் ஒரு மதுக்கூடத்தில் இது பிறந்தது. இரண்டே வருடத்தில், 1976 செப்டம்பரில், பிராட்வேயின் பூத் அரங்கில் இருந்தது. 742 காட்சிகள். வியட்நாம் போரிலிருந்து மனம் சிதைந்து திரும்பிய போ வில்லியின் பகுதி வரும்போது அரங்கில் மூச்சுக்கூடக் கேட்காது என்பார்கள். ஐந்தாவது மாடி ஜன்னலில் இரண்டு குழந்தைகளோடு அவன் நிற்கிறான். சொல்கிறவள் சிவப்பு உடைப் பெண், தாய். கடைசி வரிக்கு வரும்போது "அவள்" என்று சொல்லி வந்தது "நான்" என்று மாறிவிடுகிறது. அந்த வேடத்துக்கு ட்ரசானா பெவர்லி டோனி வாங்கினார்.

கறுப்பின ஆண்களை மோசமாகக் காட்டிட்டாங்கன்னு இதுமேல விமர்சனம் உண்டே?

உண்டு, அந்தக் காலத்தில் பலமாகவே எழுந்தது. வெள்ளையர் முன்னால் நம் வீட்டுச் சண்டையைப் போட்டுக் காட்டலாமா என்று கேட்டார்கள். அந்த வலியை நான் ஒதுக்கித் தள்ள மாட்டேன். கறுப்பின ஆண்களைக் கொடூரமானவர்களாகக் காட்டிக் காட்டியே கும்பல் கொலைகளுக்கு நியாயம் தேடிய நாடு அது. க்ரிம்கேயும் ஜான்சனும் எழுதியது அந்தப் பொய்க்கு எதிராகத்தான்.

ஆனாலும் போ வில்லி போரால் உடைந்தவன் என்பதைக் கவிதை மறைக்கவில்லை. அடி வாங்கியவளைப் பார்த்து, பொது நன்மைக்காக வாயை மூடு என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நான் ஷாங்கே பக்கம்தான்.

மேடையே மத்தவங்க கையில இருந்தா என்ன எழுதி என்ன? சொந்தமா அரங்கு வச்சிருந்தாங்களா?

வைத்திருந்தார்கள். விருது வாங்கியவர்களுக்குச் சமமாக இவர்களைப் பேச வேண்டும், பேசுவதில்லை.

எலன் ஸ்டூவர்ட் உடை வடிவமைப்பாளர். 1961-ல் நியூயார்க் ஈஸ்ட் வில்லேஜில் ஒரு நிலவறையை வாடகைக்கு எடுத்து லா மாமா அரங்கைத் தொடங்கினார். கறுப்பினப் பெண்ணின் அறைக்கு வெள்ளை ஆண்கள் வந்து போகிறார்களே என்று அக்கம்பக்கத்தார் விபசாரப் புகார் கொடுத்தார்கள். விசாரிக்க வந்த அதிகாரி பழைய மேடைக் கலைஞர். அவரே காபிக்கடை உரிமம் வாங்கும் வழியைச் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு காட்சிக்கு முன்னும் எலன் கையில் மணி ஆட்டிப் பார்வையாளர்களை வரவேற்பார். 2011-ல் இறக்கும் வரை அந்த அரங்கு அவர் உயிராக இருந்தது. இன்றும் இயங்குகிறது.

பார்பரா ஆன் டீர் பிராட்வேயில் வாய்ப்பிருந்தும் அதை விட்டுவிட்டு 1968-ல் ஹார்லெமில் நேஷனல் பிளாக் தியேட்டரைத் தொடங்கினார். 1983-ல் தீ விபத்தில் இடம் எரிந்தது. டீர் ஒதுங்கவில்லை, 125-வது தெருவும் ஐந்தாவது அவென்யூவும் சந்திக்கும் முனையில் கட்டடத்தையே விலைக்கு வாங்கினார். பிராட்வேயில் இயக்கிய முதல் கறுப்பினப் பெண் வினெட் கரோல். மிக்கி கிராண்ட் எழுதி, 1972-ல் அவர் இயக்கிய இசை நாடகம் ஆயிரம் காட்சிகளைத் தாண்டி ஓடியது.

புலிட்சர் யார் யார் வாங்கியிருக்காங்க?

2002-ல் சூசன்-லோரி பார்க்ஸ், 'டாப்டாக்/அண்டர்டாக்'. நாடகத்துக்கான புலிட்சர் வாங்கிய முதல் கறுப்பினப் பெண். 2009-லும் 2017-லும் லின் நாட்டேஜ். நாடகத்துக்கு அதை இரண்டு முறை வாங்கிய பெண், எந்த இனத்திலும், அவர் மட்டும்தான். 2019-ல் ஜாக்கி சிப்லீஸ் ட்ரூரி, 2021-ல் கட்டோரி ஹால், 2024-ல் எபோனி பூத்.

நாட்டேஜ் எழுதும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். காங்கோ போரில் சிதைக்கப்பட்ட பெண்களைப் பற்றிய 'ரூயின்ட்' எழுத உகாண்டா போய் அகதிப் பெண்களிடம் பேசினார். ஆலைகள் மூடிய ஊரைப் பற்றிய 'ஸ்வெட்' எழுத, பென்சில்வேனியாவின் ரெடிங் நகரத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் ஜனங்களோடு உட்கார்ந்தார். வெள்ளைத் தொழிலாளியின் ஆத்திரத்தையும் அவர் குறை வைக்காமல் எழுதியிருக்கிறார்.

எல்லாம் துன்பக் கதைதானா? சிரிப்பே கிடையாதா?

நிறையவே உண்டு. சில்ட்ரெஸின் சிரிப்பை மேலே சொன்னேன். 2023-ல் பிராட்வேக்கு வந்த ஜோசலின் பியோவின் 'ஜாஜாஸ் ஆஃப்ரிக்கன் ஹேர் பிரெய்டிங்' ஹார்லெமில் முடி பின்னும் கடையில் ஒரு கோடை நாளில் நடக்கிறது. வம்பு, போட்டி, வாடிக்கையாளர் அலட்டல் என்று ஒரே கலகலப்பு. மேடையிலேயே மணிக்கணக்கான பின்னல் வேலை முடிந்து தலைகள் மாறிப்போகும்.

இப்பவாவது நிலைமை சரியாயிடுச்சா?

பெயர்ப் பலகைகள் மாறியிருக்கின்றன. 2022-ல் ஒரு பிராட்வே அரங்குக்குப் பாடகியும் நடிகையுமான லீனா ஹார்ன் பெயர் வைத்தார்கள், கறுப்பினப் பெண் ஒருவரின் பெயரில் முதல் அரங்கு. அதே வருடம் டைம்ஸ் சதுக்கத்தில் ஹான்ஸ்பெரியின் சிலையைத் திறந்தார்கள்.

அதே 2022-ன் இறுதியில் ஏட்ரியன் கென்னடியின் நாடகம் முதன்முதலாக பிராட்வேக்கு வந்தது. 1964-லேயே 'ஃபன்னிஹவுஸ் ஆஃப் எ நீக்ரோ' எழுதி, ஆஃப்-பிராட்வே நாடகங்களுக்குத் தரும் ஓபி விருது வாங்கியவர். பிராட்வே அழைத்தபோது வயது 91. வந்த நாடகம் 'ஒஹையோ ஸ்டேட் மர்டர்ஸ்', நடித்தது ஆட்ரா மெக்டொனால்ட். அப்படியும் டிக்கெட் போதவில்லை, திட்டமிட்டதற்கு முன்பே 2023 ஜனவரியில் நிறுத்தினார்கள். முதல் பதிலில் சொன்ன பணக் கேள்வி இன்னும் அப்படியேதான் நிற்கிறது.

'எ ரெய்சின் இன் த சன்'ல கடைசியில குடும்பம் புது வீட்டுக்குக் கிளம்புது. அது சந்தோஷ முடிவுதானே?

1959-ல் பல விமர்சகர்கள் அப்படித்தான் எழுதினார்கள். ஹான்ஸ்பெரி அப்படி நினைக்கவில்லை. அந்த மாதிரித் தெருவில் குடியிருந்தால் என்ன நடக்கும் என்று அவருக்குச் சிறுவயதிலேயே தெரியும், மேலே நான்காவது பதிலைப் பாருங்கள்.

இதில் அச்சுப் பிரதிக்கும் பங்குண்டு. முதல் மேடையேற்றத்தில் நேரம் கருதியும் வேறு காரணங்களாலும் சில பகுதிகளை வெட்டினார்கள். அவற்றில் ஒன்று, பக்கத்து வீட்டு ஜான்சன் அம்மா வரும் காட்சி. வெள்ளையர் பகுதியில் குடிபோன கறுப்பினக் குடும்பத்தின் வீட்டில் குண்டு போட்ட செய்தியோடு அவர் செய்தித்தாளைக் கொண்டுவந்து காட்டுவார். பெனீத்தா நேராக்கிய முடியை வெட்டி இயற்கையான சுருளோடு வந்து நிற்கும் இடமும் அப்படிப் போனதுதான். 1961-ல் வந்த படத்திலும் இவை இல்லை. 1980-களிலிருந்து வந்த முழுப் பதிப்புகளில் இரண்டும் திரும்பச் சேர்ந்திருக்கின்றன. வாங்கும்போது பாத்திரங்களின் பட்டியலில் ஜான்சன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.